அடைப்பும் கிழிசலும்

எங்கள் வீட்டு வாக்யூம் க்ளீனர் சென்ற மாதம் இழுப்பதை நிறுத்திவிட்டது. நிறுத்திவிட்டது என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஸ்விட்சைப் போட்டால் ஓடத்தான் செய்தது. வழக்கத்தைவிட அதிகச் சப்தத்துடன், வழக்கத்தைவிட உச்ச ஸ்தாயியில் ஓடியது. ஆனால் ஜன்னல் விளிம்பில் படிந்திருந்த தூசி இருந்த இடத்திலேயே இருந்தது. சப்தம் எல்லாம் இருந்து காரியம் மட்டும் நடக்காத நிலை நமக்குப் பழக்கமானதுதான் என்பதால் இரண்டு நாட்கள் அப்படியே விட்டுவைத்தேன். கும்மிடிப்பூண்டியில் அதற்குமேல் விட்டுவைக்க முடியாது. இங்கே தூசி வெளுத்த மண் நிறத்தில் வருவதில்லை. சாம்பலும் கறுப்புமாக, விரலால் தொட்டால் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோடு வருகிறது. தரையைத் துடைத்த துணியை அலசிய தண்ணீரைப் பார்த்தாலே எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

அடுத்த தெருவில் இருக்கும் ஒரு பையனை அழைத்தேன். சிப்காட்டில் ஃபிட்டராக இருக்கிறான். வந்தவன் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. முதலில் ஹோஸைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அங்கேயும் இழுவை இல்லை. 'ஹோஸுல இல்ல சார், உள்ளதான்' என்றான். இருந்தாலும் ஹோஸுக்குள் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு, அது மறுபக்கம் வந்து விழுவதைக் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டான். மூடியைத் திறந்து, அதன் ஓரத்து ரப்பர் வாஷர் விரிந்திருக்கிறதா என்று விரலால் தடவினான். கடைசியில் பையை எடுத்தான். பை பாதிகூட நிரம்பியிருக்கவில்லை. நான் அதைத்தான் சுட்டிக்காட்டினேன். அவன் பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, 'நெறைஞ்சிருக்கறது பையில்ல சார், துணி' என்றான். நெசவின் கண்கள் எல்லாம் மாவு போன்ற தூசியால் அடைபட்டிருந்தன. ஒவ்வொரு வாரமும் பையைத் தட்டிக் கொட்டிக்கொண்டுதான் இருந்தேன். தட்டினால் விழாத தூசி என்று ஒன்று இருப்பது தெரியாது.

பிறகு அவன் செய்த காரியந்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பையைப் போடாமலேயே மூடியை மூடி ஒரு கணம் ஓட்டிக் காட்டினான். இயந்திரம் புதிதாக வாங்கிய நாளில்கூட அப்படி இழுத்ததில்லை. பின்பக்கத் துவாரத்திலிருந்து ஒரு சாம்பல் மேகம் கிளம்பிச் சுவரில் போய்ப் படிந்தது. 'பை கிழிஞ்சிட்டாக்கூட இப்படித்தான் சார் இருக்கும். இழுவ அருமையா இருக்கும்' என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்தை முப்பது வருஷங்களுக்கு முன் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

அதற்குப் போகுமுன், இழுவை என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் தெளிவு செய்துகொள்ள வேண்டும். உலகத்தில் இழுவை என்று ஒன்று, அதாவது காற்றில், கிடையாது. இது 1644-லிருந்து தெரிந்த விஷயம். அதற்கு முன் கிணற்றுப் பம்புகள் ஏறத்தாழ 10 மீட்டருக்குமேல் தண்ணீரை ஏற்ற மறுத்தது ஒரு புதிராக இருந்தது. வெற்றிடத்தை இயற்கை வெறுக்கிறது, ஆகவே தண்ணீர் மேலேறி அதை நிரப்புகிறது என்பது அரிஸ்டாட்டில் வழிவந்த விளக்கம். அப்படியானால் 10 மீட்டரோடு அந்த வெறுப்பு ஏன் தீர்ந்துபோகிறது? டாரிசெல்லி தண்ணீருக்குப் பதில் பாதரசத்தை எடுத்துக்கொண்டார். குழாயில் அது 76 சென்டிமீட்டரில் நின்றது. காற்று என்னும் சமுத்திரத்தின் அடியில் நாம் வாழ்கிறோம், அதன் எடைதான் பாதரசத்தைத் தள்ளி நிறுத்துகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1648-ல் பாஸ்கலின் மைத்துனர் ஒரு மலைமேல் குழாயை எடுத்துப் போனபோது பாதரசம் இறங்கியது. மேலே சமுத்திரத்தின் ஆழம் குறைவு. 1657-ல் மாக்டெபர்க் நகரில் ஆட்டோ ஃபான் கெரிக்கே இரண்டு செப்புக் கிண்ணங்களைச் சேர்த்து உள்ளிருந்த காற்றை எடுத்துவிட்டார்; 16 குதிரைகள் இரு பக்கமும் பூட்டிப் பிரிக்கப் பாடுபட்டன. கிண்ணங்களுக்குள் அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது எதுவுமில்லை. வெளியே இருந்த காற்று அழுத்திக்கொண்டிருந்தது.

ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் என்ற கணக்கில் காற்று நம்மை அழுத்திக்கொண்டிருக்கிறது. வாக்யூம் க்ளீனரின் மோட்டார் செய்வது ஒன்றுதான்: தன்னிடமுள்ள காற்றைப் பின்பக்கம் எறிந்துவிட்டு ஒரு குறைவை உண்டாக்குகிறது. அது வெற்றிடம்கூட அல்ல. வாயை முழுக்க அடைத்துவிட்டாலும் உள்ளே அழுத்தம் அதிகம் போனால் ஐந்தில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். அந்தக் குறைவை நோக்கி அறையின் காற்று தானாகத் தள்ளிக்கொண்டு வருகிறது. வரும் வழியில் தூசியையும் அழைத்து வருகிறது. நம் மூச்சும் இப்படித்தான். உதரவிதானம் கீழிறங்கி மார்புக்குள் ஒரு சிறு குறைவை ஏற்படுத்துகிறது. மூச்சை இழுத்தேன் என்கிறோம். உண்மையில் வெளி நமக்குள் தள்ளப்படுகிறது. உள்ளே வருவதில் எது வரவேண்டும் எது வரக்கூடாது என்பதில் நமக்குள்ள உரிமை மிகக் குறைவு.

இது வெறும் பௌதிகம் என்று ஒதுக்க முடியாது. இழுவை என்ற சொல் நம் சிந்தனையில் ஒரு பிழையை நிரந்தரமாக்கி வைத்திருக்கிறது. விளைவு எங்கே தெரிகிறதோ அங்கேதான் சக்தியும் இருக்கிறது என்று நம்பவைக்கிறது. நகரம் ஜனங்களை இழுக்கிறது என்கிறோம். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறவர்களைக் கேட்டால், இந்தச் சூளைகளுக்கு ஏதோ கவர்ச்சி இருப்பதாக அவர்கள் சொல்லமாட்டார்கள். முன்பணமும் கடனும் அறுவடையில்லாத மாதங்களும் பின்னாலிருந்து தள்ளின. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர்களுக்கான முகாம் ஒன்று பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அகதிகள் முகாம் என்ற பெயர் 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. அங்கிருப்பவர்களை இந்த ஊர் இழுத்ததாக யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். மீஞ்சூர்ப் பக்கம் இன்னும் நேரடியான உதாரணம் இருக்கிறது. சென்னைக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் விவசாயத்துக்காகவும் அங்கே நிலத்தடி நீரை வருஷக்கணக்கில் எடுத்தார்கள். நல்ல தண்ணீர் எங்கே குறைந்ததோ அங்கே கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கடலை யாரும் இழுக்கவில்லை. நாம் ஒரு குறைவை உண்டாக்கினோம். கடல் தன் எடையை வைத்துக்கொண்டு காத்திருந்தது.

ஆகவே இயந்திரம் இழுக்காதபோது மோட்டாரைச் சந்தேகிப்பது அனேகமாகத் தவறு. பையன் மோட்டாரைத் தொடவேயில்லை. அந்த உச்ச ஸ்தாயிச் சப்தத்தைப் பற்றிக் கேட்டேன். மோட்டார் திணறுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். 'திணறல சார், சும்மா சுத்துது' என்றான். வழி அடைபட்டால் காற்று உள்ளே வருவதில்லை. எறிவதற்குக் காற்றில்லாத விசிறிக்குச் சுமையில்லை. சுமையில்லாத மோட்டார் வேகம் கூடிக் கீச்சிடுகிறது. அதே சமயம் அதைக் குளிர்விக்கவேண்டிய காற்றும் வராததால் சூடேறுகிறது. வேலை குறையக் குறையச் சப்தமும் சூடும் கூடுகின்றன. இலக்கிய சர்ச்சைகளில் நெடுநாள் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி, கிழிந்த பை.

1990-களில் இந்தப் பக்கத்து இரும்பு உருக்காலை ஒன்றில் ஷிஃப்ட் குமாஸ்தாவாக இருந்தேன். பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கி இங்காட் ஊற்றும் இடம். உருகும்போது எழும் புகையை உலைக்கு மேலுள்ள கூண்டு வாங்கிக்கொள்ளும். பெரிய குழாய்களின் வழியே அது பேக் ஃபில்டருக்குப் போகும். அங்கே ஆள் உயரத்தைவிட நீளமான துணிப் பைகள் வரிசை வரிசையாகத் தொங்கும். தூசியைப் பைகள் பிடித்துக்கொள்ள, காற்று மட்டும் விசிறிவழியாகப் புகைபோக்கிக்குப் போகும். வாக்யூம் க்ளீனரைக் கட்டிட அளவுக்குப் பெரிதாக்கினால் அதுதான். பைகளுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்ட ஒரு மானோமீட்டர் உண்டு. வளைந்த கண்ணாடிக் குழாயில் சிவப்புத் தண்ணீர். இரண்டு பக்கத்து மட்டங்களுக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் படித்து மணிக்கொரு தடவை லாக் புக்கில் எழுத வேண்டும். எழுதுவது என் வேலை.

வழக்கமாக 120, 130 இருக்கும். பை அடைபட்டால் 180, 200 என்று ஏறும். உலைக்கு மேல் புகை வாங்கப்படாமல் கொட்டகைக்குள்ளேயே சுழலும். உருக்குகிறவர்கள் சத்தம் போடுவார்கள். மெயின்டனன்ஸ் ஆட்கள் ஓடி வருவார்கள். ஏறுவது எல்லோருக்கும் தெரிந்த வியாதி. ஒரு கோடையில் அது இறங்கத் தொடங்கியது. 90, 70, பிறகு 50. உலை மேடையில் இத்தனை சுத்தமான காற்று இருந்ததே இல்லை என்று ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள். புகை பிறந்த கணத்திலேயே கூண்டுக்குள் மறைந்தது. சூப்பர்வைசர் விசிறியைப் பாராட்டினார். நான் 50 என்று எழுதினேன். எதிரே குறிப்பு எழுதும் கட்டத்தில் 'இயல்பு' என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்து, பக்கத்துக் கிராமத்திலிருந்து டீ கொண்டு வரும் அம்மா, ராத்திரி காயப்போட்ட துணியைக் காலையில் மறுபடி துவைக்க வேண்டியிருக்கிறது என்று யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல் சொன்னார். அன்று ராத்திரி ஷிஃப்டில் வயதான ஃபிட்டர் ஒருவரிடம் மானோமீட்டரைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. 'பை கிழிஞ்சிருக்கு தம்பி. அதான் இழுவ நல்லா இருக்கு' என்றார். புகைபோக்கியின் உச்சியைக் கை காட்டினார். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்பதற்காகத்தான் அவர் காட்டினார் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் பைகளை மாற்றுவதற்கு மூன்று வாரங்கள் ஆயின. புதுப் பைகள் வரவேண்டும், உலையை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் டன் கணக்கு குறையும். அந்த மூன்று வாரமும் நான் என் ஷிஃப்டுகளில் 50, 48, 50 என்று எழுதினேன். குறிப்புக் கட்டத்தில் 'இயல்பு' என்று எழுதினேன். முதல் பத்து நாள் நான் அறியாதவன். அடுத்த மூன்று வாரம் அறிந்தவன். லாக் புக்கைப் பார்த்தால் இந்த இரண்டு பேருக்கும் நடுவே எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரே கையெழுத்து, ஒரே எண், ஒரே சொல்.

இங்கே ஒரு தார்மீகப் பிரச்னை இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அது எது என்று தெரிய இத்தனை வருஷங்கள் ஆகியிருக்கின்றன. பொய் சொன்னேன் என்று சுலபமாக ஒத்துக்கொண்டுவிடலாம். ஆனால் எண்கள் பொய்யில்லை. 1981-ல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்து, அதையொட்டி எத்தனையோ ஆலைகளில் எத்தனையோ லாக் புக்குகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் பொய் எண்கள் எவ்வளவு இருக்குமோ, அவற்றைவிட அதிகமாக, சரியாகப் படிக்கப்பட்டு எதையும் சொல்லாமல் போன உண்மை எண்கள் இருக்கும் என்பது என் சந்தேகம். ஏறும் எண்ணைக் கண்டு பயப்படவும் இறங்கும் எண்ணைக் கண்டு நிம்மதியடையவும் பழக்கப்பட்டிருந்தோம். ஏறும் எண்ணால் துன்பப்பட்டவர்கள் கொட்டகைக்குள் இருந்தார்கள். இறங்கும் எண்ணால் துன்பப்பட்டவர்கள் மதில் சுவருக்கு வெளியே, தூக்கத்தில் இருந்தார்கள். 'இயல்பு' என்ற சொல்லை நான் எந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதினேன் என்பதுதான் கேள்வி.

சுத்தம் என்ற கருத்தே இப்படி ஒரு சுவரை வைத்துக்கொண்டு பிறந்ததுதானோ என்று தோன்றுகிறது. 1901-ல் லண்டனில் ஹ்யூபர்ட் செசில் பூத் என்ற இன்ஜினியர், காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் இயந்திரம் ஒன்றை வேடிக்கை பார்த்தார். கிளம்பிய தூசி மறுபடி அங்கேயே படிவதைக் கண்டு, ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தார். ஒரு ஹோட்டல் நாற்காலியின் மெத்தைமேல் கைக்குட்டையை விரித்து வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார், மூச்சடைத்துப் போனார், கைக்குட்டையில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. அந்தக் கைக்குட்டைதான் கண்டுபிடிப்பு. உறிஞ்சுவது அல்ல, நடுவே ஒரு துணியை வைப்பது. அவருடைய இயந்திரம் குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும். ஜன்னல் வழியாகக் குழாய்கள் உள்ளே போகும். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்காக 1902-ல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் கம்பளங்களை அது சுத்தம் செய்தது. வீட்டுக்குள் கையால் தள்ளும் இயந்திரம் வேறொரு இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் காண்டன் ஊரில் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்ளர் என்ற கட்டிடத் துப்புரவாளருக்கு ஆஸ்துமா. தான் பெருக்கும் தூசிதான் தன்னைக் கொல்கிறது என்று சந்தேகித்தார். விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் கம்பு, தலையணை உறை - இவற்றை வைத்து ஒன்றைக் கட்டினார். 1908-ல் உரிமை பதிவானது. பின்னர் அது ஹூவர் என்பவரின் கைக்குப் போய் அந்தப் பெயரே நிலைத்தது. பெருக்குகிறவனின் நெஞ்சில் தொடங்கிய பொருள், பெருக்காதவர்களின் வீட்டில் போய்ச் சேர்ந்தது. நம் நாட்டில் 1980-களில் கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர்கள் வீடு வீடாக வந்து கம்பளத்தில் செய்து காட்டி விற்றார்கள். வாங்கிய வீடுகளில் பலவற்றில் அதை இயக்கியது வேலைக்கார அம்மாள்தான். பையைத் தட்டிக் கொட்டியதும் அவர்தான்.

மறுபடி பைக்கு வருகிறேன். ஒரு வாக்யூம் க்ளீனர் இழுவை இழப்பதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று அடைப்பு. மற்றது ஓட்டை: ஹோஸிலோ வாஷரிலோ கசிவு இருந்தால் காற்று குறுக்கு வழியில் நுழைந்துவிடும், தூசியிருக்கும் இடத்துக்கு அதன் வேகம் எட்டாது. மூன்றாவது கோளாறு ஒன்று உண்டு. அது இழுவையைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. பை கிழிவது. அந்தக் கோளாற்றுக்கு வெளி அடையாளம் திறமை. எனக்கு முக்கியமாகப் படுவது இது. எதையும் தேக்கிக்கொள்ளாத இயந்திரம் ஒருநாளும் களைப்பதில்லை. இழுவை குறைகிறது என்றால், வாங்கியதை அது விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குறையும் இழுவை, பை தன் வேலையைச் செய்ததற்கான ஒரே சாட்சி.

மனிதர்களிடம் இதைப் பொருத்திப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தினமும் காலையில் கையில் உள்ள போனில் எத்தனை சாவுகளைப் பார்க்கிறோம். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு விரல் நகர்கிறது. நம் உறிஞ்சும் திறன் அபாரமாக இருக்கிறது. எதைப் பற்றியும் அன்று மாலைக்குள் அபிப்பிராயம் சொல்ல முடிகிறது. எங்கள் சிறு வட்டத்திலும் பார்க்கிறேன். போன வாரம் வந்த நாவல், நேற்று வந்த மொழிபெயர்ப்பு, எல்லாவற்றையும் படித்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். எதுவும் அவர்களை அடைத்ததாகத் தெரியவில்லை. ஒரே புத்தகத்தில் ஆறு மாதம் மாட்டிக்கொண்டு வேறெதையும் படிக்க முடியாமற்போன ஒரு நண்பர் எனக்கு இருந்தார். அவரைச் சோம்பேறி என்றோம். நான் இப்போது அவர் பக்கம்.

ஆனால் இந்த வாதத்தை இங்கேயே நிறுத்தினால் அது எனக்குச் சௌகரியமாகிவிடும். அடைபட்ட பை நேர்மையானது என்று ஒப்புக்கொண்டாலும், அது அறையைச் சுத்தம் செய்யவில்லை. தூசி ஜன்னல் விளிம்பில் அப்படியேதான் இருந்தது. குற்ற உணர்வால் அடைபட்ட ஒருவன், தன் அடைப்பையே நேர்மைக்குச் சான்றாகக் காட்டிக்கொண்டு வாழ்நாளைக் கழித்துவிடலாம். நான் ஓரளவு அதைச் செய்திருக்கிறேன். அந்த மூன்று வாரங்களை நினைத்து வருந்தியிருக்கிறேன். அந்த வருத்தத்தால் எந்த வீட்டுத் துணியும் வெளுக்கவில்லை.

பேக் ஃபில்டரில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. சில நிமிஷங்களுக்கு ஒருதரம் அழுத்தக் காற்றை எதிர்த் திசையில் பைக்குள் சட்டென்று செலுத்துவார்கள். பை ஒரு உதறு உதறும். வெளிப்புறம் அப்பியிருந்த தூசி அடை அடையாக உதிர்ந்து கீழே தொட்டியில் விழும். சுவாரஸ்யமான விஷயம், உதறல் முழுமையாக இருக்கக்கூடாது. புத்தம் புதுப் பை நுண்ணிய தூசியைச் சரியாகப் பிடிப்பதில்லை. துணியின்மேல் முதலில் ஒரு மெல்லிய தூசிப் படலம் படிய வேண்டும். அதற்குப் பிறகு உண்மையில் வடிகட்டுவது அந்தப் படலம்தான். துணி அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. ஓயாமல் உதறிப் பையை முழுக்கச் சுத்தமாக்கினால் நுண்தூசி தப்பிவிடும். ஏற்கெனவே வாங்கியதில் கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் இனி வருவதை நிறுத்த முடிகிறது.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் அமாவாசையன்று ஜனங்கள் வெல்லத்தைப் போடுவார்கள். வெல்லம் கரைவதுபோல் வியாதியும் பாபமும் கரையும் என்பது நம்பிக்கை. குளத்தின் பெயரே இருதயத்தின் பாபத்தை அழிப்பது என்ற பொருள்படும். என் தாயார் கையைப் பிடித்துக்கொண்டு நானும் போட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கையைக் கேலி செய்யும் உத்தேசம் எனக்கில்லை. மனிதனுக்கு உதறல் வேண்டும். ஆனால் கரைந்தது காணாமல் போகிறது என்ற எண்ணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வெல்லம் குளத்தில் இருக்கிறது. உலையின் தூசி தொட்டியிலிருந்து மூட்டையாகி, லாரியேறி எங்கோ போகிறது. அபாயகரமான கழிவுகளைப் புதைப்பதற்கென்றே பொதுக் கிடங்கு ஒன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே இருக்கிறது. தூசிக்கு எப்போதும் ஒரு விலாசம் உண்டு. சுத்தம் என்று நாம் சொல்வது, அந்த விலாசம் நம்முடையது அல்ல என்பதைத்தான்.

அப்படியென்றால் செய்யக்கூடியது என்ன? பெரிய பதில் எதுவும் என்னிடம் இல்லை. 50 என்ற எண்ணுக்கு எதிரே 'இயல்பு' என்பதற்குப் பதில் 'பை கிழிந்திருக்கலாம்' என்று எழுதியிருக்கலாம். கட்டத்தில் அந்தச் சொற்களுக்கு இடம் இருந்தது. வேலை போயிருக்காது என்றே இப்போது நினைக்கிறேன். அதிகபட்சம் சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்த்திருப்பார். உலை ஒரு நாள் முன்னதாக நின்றிருக்குமா என்றும் தெரியாது. ஆனால் லாக் புக்கில் அறியாதவனுக்கும் அறிந்தவனுக்கும் நடுவே ஒரு கோடு விழுந்திருக்கும். தார்மீகம் என்பது அனேகமாக அந்த அளவு சின்ன விஷயம். அறிந்துகொண்டதும் கையெழுத்தில் ஏதாவது மாறியதா என்பது.

பையன் போகும்போது, தன் கம்பெனியிலும் இந்த வேலைதான் தனக்கு என்றான். பைகளைக் கழற்ற உள்ளே இறங்குகிறவர்கள் காண்ட்ராக்ட் ஆட்கள், பிகார்க்காரர்கள். இவன் வெளியே நின்று எண்ணிக் கொடுப்பான். 'மாஸ்க் குடுக்கறாங்க சார். அதுவும் துணிதானே, அடைச்சுக்குது. மூச்சு வாங்குதுன்னு கழட்டிடறாங்க' என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கழற்றிய பிறகு மூச்சு நன்றாகத்தான் வரும்.

பையை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தேன். மூன்று தண்ணீர் மாற்றியும் சாம்பல் நிறம் விட்டபாடில்லை. தையலோரம் விரற்கடை நீளத்துக்கு ஒரு கிழிசல் இருந்தது. அடைப்பு முற்றும்வரை நான் நன்றாக இழுக்கிறது என்று மெச்சியதில் எவ்வளவு அந்தக் கிழிசலின் உபயம் என்று இப்போது கணக்கிட முடியாது. இரட்டை நூலால் தைத்தேன். ஈரத்தோடு போட்டால் துணி இன்னும் மோசமாக அடைத்துக்கொள்ளும் என்று பையன் எச்சரித்திருந்ததால் இரண்டு நாள் நிழலில் காயவைத்தேன். போட்டுப் பார்த்தபோது இழுவை முக்கால் அளவுக்குத்தான் திரும்பியிருந்தது. போதும் என்று தோன்றியது.

துவைத்த தண்ணீர் அன்று சாயங்காலம்வரை பக்கெட்டில் இருந்தது. கொய்யா மரத்தடியில் ஊற்றலாம், ஆனால் காய்களைப் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் பறிப்பார்கள். சாக்கடையில் ஊற்றினால் அது எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். பக்கெட்டை வைத்துக்கொண்டு கொல்லையில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சாக்கடையில்தான் ஊற்றினேன்.